கிடக்கட்டும்

துபாயில், தேராவில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் லேபில் கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் ஒன்று இருந்தது. அதற்கு நான் வைத்த பெயர் மாமியார் வீட்டு ஃப்ரிட்ஜ். உள்ளே போனது எதுவும் லேசில் வெளியே வராது. நோயாளியின் ரத்தத்தையோ சளியையோ தடவிய பிளேட்டை இரண்டு நாள் வைத்துப் பார்ப்போம். ஒன்றும் வளரவில்லை என்றால் ரிப்போர்ட் எழுதிவிட்டு மஞ்சள் குப்பைப் பையில் போட்டுவிடுவோம். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். எங்கள் டாக்டர் மட்டும் பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே வைப்பார்.

"கிடக்கட்டும் அண்ணை."

"மேடம், ரெண்டு நாள் ஆயிடுச்சு. உள்ள எடமே இல்ல."

"வளரேல்லை எண்டு ஆர் சொன்னது? இன்னும் வளரேல்லை. கிடக்கட்டும்."

அண்ணை என்றது என்னைத்தான். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு டாக்ஸி ஓட்டுபவரும் அண்ணை, மீன் வெட்டிக் கொடுப்பவரும் அண்ணை, லேபைத் துடைக்கும் நேபாளியும் அண்ணை. திருச்சியில் பிறந்த எனக்கு முதல் மாதம் அது என் வழுக்கையைக் கிண்டல் செய்வது போலவே இருந்தது. பிறகு பழகிவிட்டது. பெற்ற மகளே "டாட்" என்று கூப்பிடும் ஊரில் ஒருவராவது உறவு வைத்துக் கூப்பிட்டாரே என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை.

பிளேட்டுக்கு மட்டுமில்லை, அவருக்கு எல்லாமே கிடக்கட்டும்தான். வருஷ லீவை எடுக்கச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்து நிற்பார்கள். "கிடக்கட்டும், பிறகு பாப்பம்." அவருடைய அறை ஏசி ஒழுகிக்கொண்டே இருந்தது. கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, நிறைந்தால் அவரே தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவார். அவருக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒருத்தரை டிபார்ட்மென்ட் தலைவராகப் போட்டபோது எனக்குத்தான் வயிறு எரிந்தது. "கிடக்கட்டும் அண்ணை, அந்தாளுக்குக் கூட்டங்களில குந்தி இருக்க ஏலும். எனக்கு ஏலாது." மதியம் பிட்டில் பாதியைச் சாப்பிட்டு மீதியை மூடி வைப்பார். சாயங்காலம் பார்த்தால் அதுவும் கிடக்கும்.

இந்தச் சொல்லை வைத்து எங்களுக்குள் ஒரு நாள் பெரிய வழக்கே நடந்தது. டீ குடிக்கும் அறையில் பிளாஸ்க்கை எட்டிப் பார்த்தபடி கேட்டார்.

"தேத்தண்ணி கிடக்கோ?"

"டீ கெடக்காது மேடம், இருக்கும். தெருவுல நாய் கெடக்கும். வேலை இல்லாதவன் வீட்டுல கெடப்பான்."

"எங்கட ஊரில எல்லாம் கிடக்கும். அலுமாரிக்க நகை கிடக்கும், சட்டிக்க கறி கிடக்கும்."

"அப்ப கெடக்கட்டும்னா?"

"இருக்கட்டும், பத்திரமா வையுங்கோ எண்டு."

"எங்க ஊர்ல கெடக்கட்டும்னா, விட்டுத் தொலைங்கன்னு அர்த்தம் மேடம்."

அவர் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். "ஐயோ, அப்ப இவ்வளவு நாளும் உங்களுக்கு விட்டுத் தொலையுங்கோ எண்டோ சொல்லிக்கொண்டிருந்தனான்?" அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான் இருக்கும். அன்று முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் "எந்த ஊர்க் கிடக்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் எனக்குத் தெரியும்.

அவருடைய ஆராய்ச்சி ஒரே ஒரு கிருமியைப் பற்றியது. அதன் லத்தீன் பெயர் சுலபத்தில் நாக்கில் உருளாது. நாங்கள் மண்கிருமி என்போம். மழைக்காலத்து வயல் சேற்றில் இருப்பது. காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உடம்புக்குள் போகும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் என்றால் அதற்குக் கொண்டாட்டம். நுரையீரலில் உட்கார்ந்துகொண்டு அசல் டிபி மாதிரியே வேஷம் போடும். சில பேரிடம் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகு எழும். எங்கள் லேப் மெஷினுக்கு இதைச் சரியாக அடையாளம் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரன் பெயரைச் சொல்லிவிடும்.

பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு வயல் கிருமியைத் தேடுகிறாரே என்று மற்ற டாக்டர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு தடவை நேராகவே கேட்டுவிட்டேன்.

"இந்த ஊர் மணலில அதைத் தேடேல்லை அண்ணை" என்றார். "ஆனா இந்த ஊரில கட்டடச் சாரத்தில ஏறி நிக்கிற காலெல்லாம் எந்த மண்ணில நிண்ட கால்?"

நோயாளியைப் பார்க்கப் போனால் முதலில் போர்வையை விலக்கிக் காலைத்தான் பார்ப்பார். குதிகால் வெடிப்பை விரலால் தொட்டுப் பார்ப்பார். பிறகு கடைசியாக எந்த ஊர் வயலில் இறங்கினீர்கள், மழைக்கு முன்னமோ பின்னமோ, களிமண்ணோ செம்மண்ணோ என்று துருவுவார். பதிலை ஒரு நீல நோட்டில் எழுதுவார். அதில் ஆள் பெயர் இருக்காது, ஊர்தான் இருக்கும். பட்டுக்கோட்டை, களி, மழைக்குப் பின். வவுனியா, குளக்கட்டு. அந்தந்த ஆளிடமிருந்து எடுத்த கிருமியைச் சின்னக் குப்பியில் அடைத்து, உறைய வைக்கும் பெட்டியில் தூங்கப் போட்டிருந்தார். குப்பிக்கு வெளியேயும் ஊர்ப் பெயர்தான்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். டியூட்டி முடிந்து எல்லாரும் போன பிறகு தட்டச்சு செய்வார். இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன, குப்பிகள் போதாது என்று. "கிடக்கட்டும். இன்னும் கொஞ்சம் சேரட்டும்." எனக்குத் தெரிந்து அவர் தனக்கென்று ஆசைப்பட்டது அந்த ஒரு கட்டுரைக்குத்தான்.

அந்தக் கிருமி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் பிளேட்டைச் சுற்றி டேப் ஒட்டி, மூடியில் ஒரு கேள்விக்குறி போடுவார். எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பிளேட்டைத் திறந்து வாசனை பிடித்தே இது இன்னது என்று சொல்லிவிடுவோம். "மணந்து பாக்காதேங்கோ அண்ணை! உங்கட மகளுக்கு நான் பதில் சொல்ல ஏலாது" என்று அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் கத்துவார்.

மன்னார்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் வார்டில் சேர்ந்தார். கட்டடங்களில் ஏசிக் குழாய் மாட்டுகிறவர். சர்க்கரை உண்டு. ஒரு மாதமாகக் காய்ச்சல், இருமல், ஆள் பாதியாகியிருந்தார். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் டிபி என்று மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். அவருடைய ரத்தம் எடுத்த பாட்டிலில் ஏதோ வளர்வதாக ஒரு வியாழக்கிழமை மெஷின் கூவியது. டாக்டர்தான் ஸ்லைடைப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு முனையிலும் சாயம் ஏறி நடுவில் வெளுத்து, சேலைக்குக் குத்தும் ஊக்கு போலக் குட்டிக் குட்டியாக இருந்தன. பிளேட்டில் தடவி, டேப் ஒட்டி, கேள்விக்குறி போட்டு உள்ளே வைத்தார். அது மூன்று நான்கு நாள் இருக்க வேண்டும். மண்கிருமி என்றால் அதற்குள் பிளேட்டில் சுருக்கம் சுருக்கமாகக் காய்ந்து வரும். அதுதான் அதன் முகம்.

மறுநாள் வெள்ளி, அரை நாள் டியூட்டி. வெள்ளிக்கிழமைகளில் அவர் சீக்கிரம் கிளம்பி, படகேறி, பர் துபாய் கோயிலுக்குப் போவார். அவர் போன பிறகு மெஷினின் பதில் வந்தது, தண்ணீரில் இருக்கும் ஒரு சாதாரண கிருமி என்று. வார இறுதிக்கு முன் இன்குபேட்டரைக் காலி செய்யச் சொல்லி ஆபீசில் நோட்டீஸ் வேறு ஒட்டியிருந்தார்கள். அவருக்குப் போன் செய்தேன். அவர் அப்ராவில், அந்தப் படகில் இருந்தார். எஞ்சின் டடடடவென்று ஓடியது.

"மேடம், அந்த ஏசிக்காரர் பிளேட். மெஷின் சாதாரணப் பூச்சின்னு சொல்லுது. வெளியேந்து ஒட்டிக்கிட்டதுன்னு எழுதிடவா?"

"என்ன? கேக்கேல்லை..." பிறகு, "அது கிடக்கட்டும் அண்ணை," என்றார். அதற்குப் பின்னாலும் ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் கரைந்துவிட்டது.

பிளேட்டையும் ரத்தப் பாட்டிலையும் மஞ்சள் பையில் போட்டேன். பை ஆட்டோகிளேவில் ஏறியது. அந்தச் சூட்டிலும் ஆவியிலும் எந்தக் கிருமியும் மிஞ்சாது. வெளியிலிருந்து ஒட்டிய கிருமி, பொருட்படுத்த வேண்டாம் என்று ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகும் ரோலா பஸ்ஸைப் பிடித்தேன்.

சனிக்கிழமை எனக்கு டியூட்டி. அவருக்கு லீவு, ஆனாலும் பிளேட் பார்க்க வந்துவிடுவார். வந்தார். இன்குபேட்டரைத் திறந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அண்ணை, கேள்விக்குறி போட்ட பிளேட் எங்க?"

"நீங்கதான மேடம் கெடக்கட்டும்னீங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஓம். சொன்னனான்தான்" என்றார். பிறகு, "போத்தல்?"

"அதுவும்தான் மேடம்."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இரண்டு நிமிஷம் கழித்து எழுந்து நீல நோட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். சாமான் தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

அந்த ஆளின் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"ஊருக்குப் போய் எப்ப வந்தனீங்கள்?"

"மூணு மாசம் ஆவுதும்மா."

"வயலுக்க இறங்கினனீங்களோ?"

"எறங்காம? நாத்து நட ஆளு கெடைக்கல. மழ வேற. பத்து நா சேத்துலதான் நின்னேன்." மூச்சு வாங்கினார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "சார், டிபின்னு எழுதிட்டா விசா அடிக்க மாட்டாங்கன்னு ரூம்ல சொல்றானுவ. ஊருலயும் தெரிஞ்சு போச்சு. எம் பொண்டாட்டிய தண்ணிக் கொழாய்க்கே வர வேணாம்னுட்டாங்களாம். கொஞ்சம் பாத்து எழுதச் சொல்லுங்க சார்."

"டிபி இல்லை எண்டுதான் நான் நினைக்கிறன்" என்றார் டாக்டர். "அதைக் காட்டத்தான் வந்தனான். திரும்பவும் ரத்தம் எடுக்கட்டோ?"

அந்த ஆள் கையை நீட்டினார். ரத்தம், சளி, தொண்டை, சிறுநீர் என்று எல்லாம் எடுத்தோம். மருந்து ஏறிய உடம்பு, கிருமி லேசில் தலைகாட்டாது என்று இருவருக்கும் தெரியும். அங்கிருந்து நேரே எங்கள் டாக்டர் வார்டு டாக்டரிடம் போய், மருந்தை மாற்றுங்கள் என்று கேட்டார். அவரும் கெட்டவரில்லை. கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி எங்கள் ரிப்போர்ட்டைக் காட்டினார். உங்கள் லேபே பொருட்படுத்த வேண்டாம் என்று எழுதியிருக்கிறது, எதை வைத்து மாற்றுவது, புது ரிப்போர்ட் கொடுங்கள், உடனே மாற்றுகிறேன் என்றார். திரையில் என் பெயரின் முதல் எழுத்துகள் இருந்தன.

ஞாயிறு, திங்கள் பிளேட்டில் ஒன்றும் இல்லை. அவர் தினம் ஐந்தாறு முறை எடுத்துப் பார்த்தார். தினம் அந்த டாக்டரிடமும் போய் நின்றார். செவ்வாய் ஆள் மோசமானதும் மருந்தை மாற்றினார்கள். புதன் ஐசியூ. வியாழன் காலை அந்த மன்னார்குடிக்காரர் போய்விட்டார். சனிக்கிழமை, தொண்டையிலிருந்து எடுத்த பிளேட்டில் வெள்ளையாய் நாலைந்து புள்ளி, காய்ந்து, சுருக்கம் விழுந்து, அச்சடித்தாற்போல் இருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். அன்றே ஒரு பெரிய லேபுக்கு அனுப்பி உறுதி செய்து வாங்கினார்.

ரிப்போர்ட்டை அவரே தட்டச்சு செய்தபோது கேட்டேன். "போனவருக்கு எதுக்கு மேடம் ரிப்போர்ட்?"

"அவற்ற மனிசிக்கு அண்ணை. டிபி எண்டு சொல்லி அந்தப் பிள்ளையளை எல்லாரும் ஒதுக்கி வைச்சிருப்பினம். இல்லை எண்டு ஒரு கடுதாசி இருக்க வேணும்." அதைத் தமிழிலும் ஒரு பக்கம் எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தார். உங்கட தமிழ்தான் அவைக்கு விளங்கும் என்றார். எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரமப்பட்டு ஒரு பக்கம் எழுதியதில்லை.

விசாரணை வராமல் இருக்குமா? முதல் பிளேட் எங்கே என்று கேட்டார்கள். அவர் ஒரே வரியில் பதில் எழுதினார்: தொலைபேசியில் நான் சொன்ன வாய்மொழி உத்தரவின்படி பிளேட் அகற்றப்பட்டது. அந்தக் காகிதத்தை உறையில் போட்டு ஒட்டி ஆபீசில் கொடுத்தவன் நான்தான். அறைக்குள் என்னையும் கூப்பிட்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. குடும்ப விசா என் வேலையில் நிற்கிறது. இல்லை என்றேன்.

அந்த வருஷம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை. கட்டுரையின் கதையும் அதோடு முடிந்தது. குப்பிகளை நாடு தாண்டிக் கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை, அங்கேயே விட்டுப் போகவும் ஆபீசில் சம்மதிக்கவில்லை. கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், உறைபெட்டியிலிருந்து எல்லாவற்றையும் அவரே எடுத்தார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். பட்டுக்கோட்டை, வவுனியா, ஏதேதோ கேரளத்து ஊர்கள், வங்காளத்து ஊர்கள் என்று ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்துப் பையில் போட்டார். கடைசியில் மன்னார்குடி. ஆட்டோகிளேவின் கைப்பிடியைத் திருகிவிட்டு, சத்தம் அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். ஒரு பிளேட்டைத் தூக்கிப் போட மனசு வராதவர். அன்று முழுவதும் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. நீல நோட்டை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது நான் வேறொரு பெரிய லேபில் இருக்கிறேன். பிளேட்டை உள்ளே வைப்பதும் எடுப்பதும் மெஷின். இரண்டு நாள் ஆனதும் அதுவே குப்பையில் தள்ளிவிடுகிறது. மகள் காலேஜுக்குப் போய்விட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை மீனா பஜாரில் வேலை இருந்து, அவர் அப்போது கோயிலுக்குப் போகும் அதே அப்ராவில் நானும் ஏறினேன். நடுத் தண்ணீரில் மனைவி போன் செய்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அரிசி மாவு வாங்கச் சொன்னது ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

இறங்கியதும் கரையிலேயே ஒரு ஓரமாக நின்று அவர் எண்ணைப் போட்டேன். யாழ்ப்பாணத்தில், வீட்டில் இருந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போய்வருகிறாராம். முழங்கால் வலியாம். குரல் தளர்ந்திருந்தது. சுகம் விசாரித்து முடித்த பிறகும் நான் போனை வைக்கவில்லை.

"மேடம், அன்னைக்கு அந்தப் பிளேட்டு. நீங்க எந்த அர்த்தத்துல சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சேதான் தூக்கிப் போட்டேன். திரும்பக் கூப்பிட்டுக் கேட்டா, வேற எடம் பாத்து எடுத்து வைங்கன்னு சொல்லுவீங்க. பஸ்ஸு போயிடும்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு காகம் கத்துவது கேட்டது.

"எனக்கும் தெரியும் அண்ணை" என்றார். "அண்டைக்கே தெரியும்."

படகுக்காரர் அடுத்த ஆட்களைக் கூவி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கிடக்கட்டும்" என்றார்.

"இது எந்த ஊர்க் கெடக்கட்டும் மேடம்?"

"உங்கட ஊர்க் கிடக்கட்டும் சொல்லத்தான் எனக்கும் விருப்பம் அண்ணை" என்றார். "வாயில எங்கட ஊர்தான் வருது."

பிறகு, மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார்.